குதிரைப் பாதையும் கிடைப் பாதையும்

(வடமதுரையில் பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று உங்கள் முன் குதிரைச் சவாரியைப் பற்றிப் பேசப்போகிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். நைட் ஷிப்டு முடிந்து கண் எரிய வந்தவர்களும், காலையிலிருந்து களையெடுத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் குதிரைச் சவாரியைத் தெரிந்து என்ன செய்வது என்று நினைப்பீர்கள். நியாயமான கேள்விதான்.

காஷ்மீர் மலைகளுக்கு ஆள் சேர்க்கிற கம்பெனிகளின் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். பனிமலை, பச்சைப் புல்வெளி, குதிரை மேல் ஒருவர், தூரத்தில் கறுப்புக் கூடாரம். ‘வாருங்கள், நாடோடி மேய்ப்பர்களோடு சில நாள் வாழ்ந்து பாருங்கள்’ என்று கூப்பிடுவார்கள். படத்தில் குதிரை மேல் இருப்பவரின் முகம் தெரியும். குதிரையின் கயிற்றைப் பிடித்து நடப்பவரின் முகம் தெரியாது. கூடாரத்துக்குள் இருப்பவரின் முகம் சுத்தமாகத் தெரியாது. அந்த இரண்டு முகங்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. மலை நமக்கு வேடிக்கை பார்க்கும் இடமாக இருக்கலாம். அவர்களுக்கு அது வேலைத் தலம். நமக்கு மில்லும் வயலும் எப்படியோ, அவர்களுக்கு மலை அப்படி.

நாம் அறிந்த நாடோடிகள்

நாடோடி மேய்ப்பர் என்றதும் வேறு உலகத்து ஜனங்கள் என்று எண்ண வேண்டாம். அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போடுவதை இங்கே பார்க்காதவர் யார்? இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் மந்தை மந்தையாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஜில்லா ஜில்லாவாக நடக்கிறார்கள். பகலில் மேய்ச்சல். இரவில் ஒருவர் வயலில் கிடை. ஆட்டின் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாகிறது. அதற்கு நிலத்துக்காரர் பணமாகவோ தானியமாகவோ கொடுக்கிறார். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அடுத்த வயல். மழை வந்தால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்பார்கள். கழுத்தில் தூக்குச்சட்டி, தோளில் தொரட்டி, காலடியில் நாய்.

இதற்குள்ளும் வர்க்கம் இருக்கிறது. ஆடு ஒருவருடையது, அதன் பின்னால் நடக்கும் கால் இன்னொருவருடையது. சொந்த மந்தை உள்ள கீதாரி உண்டு, வருஷக் கூலிக்கு மேய்க்கிற ஆளும் உண்டு. பெற்றவர் வாங்கிய கடனுக்காகப் பத்து வயசுப் பையன் கிடைக்கு ஆள்காரனாகப் போன கொடுமையும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. கொத்தடிமை முறையை 1976-ஆம் வருஷத்துச் சட்டம் ஒழித்துவிட்டது. ஆனாலும் ஆடு மேய்க்கக் கொத்தடிமையாக விடப்பட்ட பிள்ளைகளை அதிகாரிகள் மீட்டார்கள் என்ற செய்தி அதற்குப் பல வருஷம் கழித்தும் பத்திரிகைகளில் வந்தபடிதான் இருந்தது.

குதிரையும் நமக்குப் புதிதல்ல. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியபோது மோட்டார் ரோடு ஏது? பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடிக் குதிரைப் பாதையில் ஏறினார்கள். துரைமாரும் துரைசானிகளும் குதிரையிலும் நாற்காலியிலும் போனார்கள். நாற்காலியைத் தூக்கியது நம் ஜனங்களின் தோள். அந்தப் பழைய பாதையில் உள்ள வெள்ளகவி கிராமத்துக்கு அரிசியும் பருப்பும் வெகுகாலம் குதிரை முதுகிலும் மனிதத் தலையிலும்தான் போய்ச் சேர்ந்தன. இன்று கொடைக்கானல் ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டும் குதிரைக்காரரும் ஒரு கூலித் தொழிலாளிதான்.

பக்கர்வால் என்னும் மக்கள்

இனி வடக்கே போவோம். ஜம்மு காஷ்மீரில் குஜ்ஜர், பக்கர்வால் என்று இரண்டு மேய்ப்பர் சமூகங்கள் உண்டு. பக்ரி என்றால் ஆடு. ஆட்டுக்காரர் என்பதே பக்கர்வால் என்ற பெயரின் பொருள். குஜ்ஜர்களில் பலர் எருமை வைத்திருப்பவர்கள், ஊரில் தங்கி விவசாயம் செய்பவர்களும் நிறைய. பக்கர்வால்கள்தான் பெரும்பாலும் நடந்துகொண்டே இருப்பவர்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கில் குஜ்ஜர்கள் சுமார் 9,80,000 பேர், பக்கர்வால்கள் சுமார் 1,13,000 பேர். மதத்தால் முஸ்லிம்கள், பேசுவது கோஜ்ரி மொழி. 1991-ல்தான் இவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

குளிர்காலத்தில் இவர்கள் ஜம்முவின் சமவெளியிலும் அடிவாரத்திலும் இருப்பார்கள். கதுவா, சாம்பா, ரஜௌரி, பூஞ்ச் பக்கங்கள் அவை. சித்திரை வெயில் தொடங்கியதும் அங்கே புல் காய்ந்துவிடும். மலையிலோ பனி உருகிப் புல் தலைகாட்டும். அப்போது புறப்படுவார்கள். கூடாரம், கம்பளி, பாத்திரம், மாவு மூட்டை எல்லாம் குதிரை முதுகில். பிறந்து சில நாளே ஆன ஆட்டுக்குட்டியும் நடக்க முடியாத குழந்தையும் அதே முதுகில். மற்றவர்கள் நடை. பீர் பஞ்சால் மலைத்தொடரை 11,000 அடிக்கும் மேலுள்ள கணவாய்களில் கடந்து காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்கு வருவார்கள். அங்கிருந்தும் மேலே ஏறுவார்கள். மேட்டுப் புல்வெளியை ‘தோக்’ என்பார்கள். ஒவ்வொரு குடும்பக் கூட்டத்துக்கும் வழக்கமான தோக் உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் அதே வழியில் இறங்குவார்கள். போக ஒரு மாதம், வர ஒரு மாதம் என்று பாதையிலேயே வருஷத்தில் இரண்டு மாதம் கழிகிறது.

நம் கீதாரி மழையையும் அறுவடையையும் பார்த்து நடக்கிறார், பக்கர்வால் பனியைப் பார்த்து நடக்கிறார். கணக்கு ஒன்றுதான்: புல் எங்கே, தண்ணீர் எங்கே, நாளை ராத்திரி கிடை எங்கே?

மூன்று நாள் பாதையில்

2023 ஜூன் மாதம் விவசாயிகள் கூட்டம் ஒன்றுக்காக ஸ்ரீநகர் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும், ‘மேய்ப்பர்களைப் பார்க்காமல் ஊர் திரும்பாதீர்கள்’ என்று அங்குள்ள தோழர்கள் ஏற்பாடு செய்தார்கள். பஹல்காமிலிருந்து ஆரு கிராமம், ஆருவிலிருந்து லித்தர்வட், அங்கிருந்து கொலஹோய் பனியாற்றின் திசையில் சத்லஞ்சன் வரைக்கும். நான்கு பேர், மூன்று குதிரை. ஒரு குதிரை மூட்டைக்கு. இரண்டில் மாறி மாறி ஏறினோம்.

ஆரு கிராமமே ஏறக்குறைய 8,000 அடி உயரம். நம் கொடைக்கானலைவிட மேலே. அங்கே மோட்டார் ரோடு முடிகிறது. அதன் பிறகு பைன் காடு, கல்பாதை, கீழே பால்போல் நுரைத்து ஓடும் லித்தர் ஆற்றின் சத்தம். 

எங்களுக்கு வழி காட்டி வந்தவருக்கு ஐம்பது வயசிருக்கும். காஷ்மீரில் குதிரைக்காரரை ‘மர்க்கபான்’ என்பார்கள். நான் அவரை ‘பாய்’ என்றே கூப்பிட்டேன், நம் ஊர் வழக்கம் அது. அங்கேயும் அதற்குச் சகோதரன் என்றுதான் பொருள். அவர் காஷ்மீரியில் சொல்வார், ஸ்ரீநகர்த் தோழர் இங்கிலீஷில் சொல்வார், எஸ்.எஸ்.எல்.சி. படித்த என் இங்கிலீஷுக்கு அது எட்டியவரை எட்டியது. உழைப்பாளிக்கு உழைப்பாளியின் கணக்கு சீக்கிரம் புரியும்.

‘பாய், குதிரை உங்களுடையதா?’ என்று கேட்டேன். ஒன்று அவருடையது, இரண்டு வேறொருவருடையது. வாடகைக் குதிரையில் வரும் பணத்தில் பாதி சொந்தக்காரருக்கு. தீனி, லாடம், மருந்து எல்லாம் மற்றப் பாதியிலிருந்து. சீசன் என்பது நான்கைந்து மாதம். பனி விழுந்துவிட்டால் கூலி இல்லை, ஆனால் குதிரைக்குப் பசி உண்டு. இங்கே ரிங் பிரேம் நின்றால் அது தீனி கேட்காது. அங்கே நின்ற மெஷினுக்கும் தீனி போட்டாக வேண்டும்! காலில் கல் குத்தி ஒரு குதிரை நொண்டினால் அந்தச் சீசனே போயிற்று.

மூன்று நாளில் அவர் சவாரி செய்து நான் பார்க்கவில்லை. நாங்கள் ஏறியிருக்கும்போது அவர் நடந்தார், நாங்கள் இறங்கி நடந்தபோதும் அவர் நடந்தார். ஓடை குறுக்கிட்ட இடங்களில் முதலில் தண்ணீரில் இறங்கி ஆழம் பார்த்தது அவர். முதல் கவளம் குதிரைக்கு, பிறகு எங்களுக்கு, கடைசியில் தனக்கு. ‘குதிரையை நீங்கள் ஓட்ட வேண்டாம், கயிற்றைத் தளர்த்திவிடுங்கள், கால் வைக்கும் இடம் அதற்குத் தெரியும்’ என்று ஒரே ஒரு பாடம் சொன்னார். அந்தப் பாதையைக் குதிரைக்குக் கற்றுக்கொடுத்தது யார்? இவரும் இவரது தகப்பனாரும்தான். அந்தக் கல்விக்கு எந்தக் கம்பெனிக் கணக்கிலும் விலை போடுவதில்லை.

லித்தர்வட்டைத் தாண்டியபோது பக்கர்வால் கூட்டம் ஒன்று எதிரே வந்தது. முதலில் நாய்கள் வந்தன. கழுத்து தடித்த பெரிய நாய்கள். பிறகு ஆடுகள். பாதை முழுவதும் ஆடுகளே. பின்னால் குதிரைகள், குதிரைகளின் பக்கத்தில் பெண்கள். ஒரு குதிரையின் மூட்டை நடுவில் கோழி ஒன்று கழுத்தை நீட்டி உலகம் பார்த்துக்கொண்டு போனது. எங்கள் பாய் உடனே எங்களைப் பாதையைவிட்டு மேட்டில் ஏற்றி நிறுத்தினார். ‘அவர்கள் போகட்டும். பாதை அவர்களுடையது’ என்றார். 

சத்லஞ்சனில் மண்ணும் மரமும் கொண்டு கட்டிய குடிசை ஒன்றில் உப்புத் தேநீரும் சோள ரொட்டியும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்து அம்மாவிடம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டேன். மலைக்கு வரும் மாதங்களில் மட்டும் ஒரு வாத்தியார் வருவார் என்றார். பக்கர்வால் பிள்ளைகளுக்கென்று நடமாடும் பள்ளிகளும் பருவப் பள்ளிகளும் சர்க்கார் வைத்திருக்கிறது. வாத்தியாரும் மந்தையோடு நடந்தால்தான் அது பள்ளி, இல்லாவிட்டால் பெயர்ப்பலகைதான். அந்த அம்மா என்னிடம் திருப்பிக் கேட்டார்: ‘உங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவர்களை வழியில் யாராவது நிறுத்துவார்களா?’ அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

வழியை மறிப்பவர் யார்?

ஏன் அப்படிக் கேட்டார் என்பதைச் சொல்கிறேன்.

டோக்ரா மகாராஜா காலத்தில் ஒவ்வொரு ஆட்டுக்கும் எருமைக்கும் ‘காஹ்சராய்’ என்ற மேய்ச்சல் வரி. 1947-ல் தேசம் பிரிந்தது. எல்லைக்கோடு பழைய மேய்ச்சல் பாதைகளின் குறுக்கே விழுந்தது. 1950-ல் காஷ்மீரில் பெரும் பண்ணை ஒழிப்புச் சட்டம் வந்தது. 22¾ ஏக்கருக்கு மேலிருந்த நிலம் நஷ்டஈடு இல்லாமல் எடுக்கப்பட்டு உழுதவனுக்குப் போயிற்று. இந்தியாவிலேயே துணிச்சலான நிலச் சீர்திருத்தம் அது. அதைப் போற்றுவோம். ஆனால் நடந்து மேய்ப்பவனிடம் ஏர் இல்லையே! உழுதவன் பெயர் பட்டாவில் ஏறியது, நடந்தவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

புத்காம் ஜில்லாவில் தோசமைதான் என்ற பெரிய புல்வெளி. 1964-ல் அது ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சிக்கு ஐம்பது வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. வெடிக்காத குண்டுகள் புல்லுக்குள் கிடந்தன. மேய்க்கப் போனவர்களும் விறகு பொறுக்கப் போனவர்களும் குழந்தைகளும் அவற்றில் சிக்கி மாண்டார்கள், கையும் காலும் இழந்தார்கள். மாண்டவர் அறுபதுக்கும் மேல் என்று அக்கிராம மக்கள் கணக்குச் சொல்கிறார்கள். அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டார்கள், புல்வெளியைக் காக்க முன்னணி அமைத்தார்கள், கிராமம் கிராமமாகக் கூடிப் பேசினார்கள். 2014 ஏப்ரலில் குத்தகை முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. மைதானம் மக்களிடம் திரும்பியது. இதை நன்றாக நினைவில் வையுங்கள். ஒரு புல்வெளியை மீட்டவர்கள் படித்த வக்கீல்கள் மட்டுமல்ல, ஆட்டுக்காரர்களும் விறகு சுமந்த பெண்களும்தான்.

2018 ஜனவரியில் கதுவா ஜில்லா ரசானா கிராமத்தில் நடந்ததை வாய்விட்டுச் சொல்லவே நாக்கு கூசுகிறது. எட்டு வயசு பக்கர்வால் சிறுமி. குதிரைகளை மேய்க்கப் போனவள் திரும்பவில்லை. கடத்தி, சீரழித்து, கொன்றார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பக்கர்வால்களை விரட்டியடிக்கவே இது திட்டமிடப்பட்டது என்று போலீசின் குற்றப்பத்திரிகை கூறியது. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப் போன போலீசாரை வக்கீல்கள் சிலரே கோர்ட்டு வாசலில் தடுத்தார்கள். குற்றவாளிகளுக்கு ஆதரவாக ஊர்வலமும் போனார்கள். சுப்ரீம் கோர்ட்டு வழக்கை மாநிலத்துக்கு வெளியே பட்டான்கோட்டுக்கு மாற்றியது. 2019 ஜூன் 10 அன்று ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று, மூவருக்கு ஆயுள் தண்டனை. தோழர்களே, மேய்ச்சல் நிலத்தகராறு எவ்வளவு தூரம் போகும், மதவெறி அதற்கு எப்படி எண்ணெய் ஊற்றும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

2020 நவம்பரில் பஹல்காம் பக்கத்து லித்ரூ காட்டில் குஜ்ஜர், பக்கர்வால் குடிசைகள் ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டன. குளிர் இறங்கும் மாதம் அது! சுற்றுலாப் படத்துக்குக் குடிசை அழகு. ரிக்கார்டில் அதே குடிசை ஆக்கிரமிப்பு.

தேசத்தைக் காத்தவர்கள்

இவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள் சொல்ல வேண்டும். 1965 ஆகஸ்டில் குல்மார்க் பக்கம் வேஷம் மாறி ஊடுருவி வந்தவர்களை முதலில் கண்டு போலீசுக்குச் சொன்னவர் முகமது தீன் என்ற குஜ்ஜர் மேய்ப்பர். சர்க்கார் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தது. 1999 மே மாதம் கார்கில் சிகரங்களில் அந்நியர் பதுங்கு குழி தோண்டுவதை முதலில் பார்த்தவர்களில் ஒருவர், காணாமற்போன யாக்கைத் தேடிப் போன தாஷி நம்கியால் என்ற லடாக் மேய்ப்பர். ராடாருக்குத் தெரியாதது மேய்ப்பன் கண்ணுக்குத் தெரிந்தது. ஏனென்றால் அவன் மலையை வேடிக்கை பார்க்கவில்லை, அதில் வேலை செய்கிறான்.

மூன்றாவது சம்பவம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2025 ஏப்ரல் 22. பஹல்காமுக்கு மேலே பைசரன் புல்வெளி. கார் போகாது, நடந்தோ குதிரையிலோதான் போக வேண்டும். பயங்கரவாதிகள் அங்கே 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மதத்தைக் கேட்டுக் கேட்டுச் சுட்டார்கள் என்று உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். அந்த 26 பேரில் 25 பேர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர், சையத் அடில் உசேன் ஷா. இளவயசு. குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட்ட பிள்ளை. தான் ஏற்றி வந்த விருந்தாளிகளைச் சுடாதே என்று குறுக்கே பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கப் போனார் என்று கண்டவர்கள் கூறினார்கள். சுட்டுவிட்டார்கள். மற்றக் குதிரைக்காரர்களும் ஓடி ஒளியவில்லை. காயம்பட்டவர்களைக் குதிரையிலும் முதுகிலும் சுமந்து கீழே கொண்டுவந்தார்கள்.

மதம் கேட்டவன் கையில் துப்பாக்கி இருந்தது. மதம் கேட்காதவன் கையில் குதிரைக் கயிறு இருந்தது. இந்த நாட்டில் நாம் எந்தக் கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறோம்? மில்லில் ஒரே ஷிப்டில் நிற்கும் ராமசாமியும் அப்துல்லாவும் ஆரோக்கியமும் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். காஷ்மீரில் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. ஹோட்டல் முதலாளிக்கு அது நஷ்டம், பாங்கியில் சமாளிப்பார். குதிரைக்காரருக்கோ அது பட்டினி. மூன்று நாள் என்னோடு நடந்த பாயையும் அவர் குதிரையையும் அந்த நாட்களில் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். இதுவரை சொன்னது எங்கோ நடந்த கதை என்று எண்ணி எழுந்துவிடாதீர்கள். நமக்கான சங்கதி இனிமேல்தான் இருக்கிறது.

2006-ல் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டம் நிறைவேற்றியது. இடதுசாரிகளும் ஆதிவாசி அமைப்புகளும் போராடிப் பெற்ற சட்டம் அது. அதன் 3-வது பிரிவில் மேய்ச்சல் ஒரு சமூக உரிமை என்று எழுதப்பட்டிருக்கிறது. ஊரில் இருந்து மேய்ப்பவனுக்கும் உரிமை, இடம் பெயர்ந்து மேய்ப்பவனுக்கும் உரிமை. நாடோடி மேய்ப்பர்கள் பருவத்துக்குப் பருவம் காட்டைப் பயன்படுத்தும் உரிமையும் அதில் உண்டு. இந்தச் சட்டம் ஜம்மு காஷ்மீருக்கு 2019-க்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. முதல் பத்திரங்கள் 2021 செப்டம்பரில்தான் கொடுக்கப்பட்டன. பதினைந்து வருஷம் தாமதம்!

நம்மிடம் என்ன நடந்தது? 2022 மார்ச்சு 4 அன்று சென்னை ஐகோர்ட்டு, தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. தேனிப் பக்கத்து மலைமாடு வளர்ப்போர் கலங்கிப்போனார்கள். அதே மாதத்தில் அந்த உத்தரவு திருத்தப்பட்டு, தேசியப் பூங்கா, வனவிலங்கு சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு தடை நின்றது. கொடைக்கானல் மலைக்காடு 2013-லேயே சரணாலயம் ஆயிற்று.

அதே 2022 அக்டோபரில் இன்னொன்று நடந்தது. கரூர் ஜில்லாக் கடவூர்க் காடும் நம் திண்டுக்கல் ஜில்லாக் காடும் சேர்ந்து 11,806 ஹெக்டேர், தேவாங்கு சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. நம் வேடசந்தூர் தாலுகாவும், திண்டுக்கல் கிழக்கும், நத்தமும் அதில் வருகின்றன. அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் ஆடு விற்று மகள் கல்யாணத்துக்கோ மகன் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கோ பணம் புரட்டுகிறீர்களே, அந்த ஆடு எந்தக் கரட்டில் மேய்ந்தது? யோசித்துப் பாருங்கள். மில்லில் நாலு நாள் வேலை இல்லாவிட்டால் அடுப்பெரிய வைப்பது அந்த நாலு ஆடுதானே?

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். தேவாங்கு நமக்கு எதிரி அல்ல. பூச்சிகளைத் தின்று பயிருக்கு நன்மை செய்யும் சாதுவான பிராணி அது. அதைப் பிடித்து விற்பவனும் மந்திரவாதம் செய்பவனும்தான் அதற்கு எதிரி. காடு அழிந்தால் முதலில் வற்றுவது நம் கிணறு. ஆகவே ‘சரணாலயம் ஒழிக’ என்று நாம் கோஷம் போடப்போவதில்லை. காட்டைக் காப்பதில் அதன் ஓரத்தில் வாழ்பவனுக்கும் பங்கு வேண்டும், அவனுடைய உரிமை எழுத்தில் ஏற வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

செய்ய வேண்டியவை

1. எந்த ஊரார் எந்தக் கரட்டில், எந்த மாதங்களில், எந்த வழியாக ஆடு மாடு ஓட்டினார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். ஊற்று, பாறை, கோயில், பட்டி போட்ட இடம் எல்லாவற்றின் பெயரையும் குறியுங்கள். பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கினால் அதுவும் சாட்சி என்று சட்டத்தின் விதிகளே ஒப்புக்கொள்கின்றன.

2. மனு முதலில் போக வேண்டிய இடம் தாசில்தார் ஆபீஸ் அல்ல, கிராம சபை. வன உரிமைக் குழு அமைக்கச் சொல்லி கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அன்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அங்கிருந்து மனு கோட்ட அளவிலான கமிட்டிக்கும், பிறகு கலெக்டர் தலைமையிலான ஜில்லா கமிட்டிக்கும் போகும்.

3. பழங்குடி அல்லாதவர்கள், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டில் இருந்து, அதைச் சார்ந்து பிழைத்ததைக் காட்ட வேண்டும். கடினமான நிபந்தனைதான். எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் மனுப் போடாதவனுக்கு எதுவும் கிடைக்காது என்பது நிச்சயம்.

4. மனுவை விசாரித்து முடிக்கும்வரை காட்டில் வாழ்பவரை வெளியேற்றக்கூடாது என்று அதே சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. வாய்ச்சொல்லால் யாராவது மிரட்டினால், எழுத்தில் உத்தரவு கேளுங்கள்.

5. வெளியூர்க் கீதாரி கிடையோடு வந்தால் அவரை அந்நியராகப் பார்க்காதீர்கள். கிடையில் சின்னப் பிள்ளை யாராவது கூலிக்கு நிற்கிறானா என்று பாருங்கள். நின்றால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். அவன் இருக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம்.

தோழர்களே! இத்தனையும் சொன்னதற்குக் காரணம் ஒன்றுதான். மில் தொழிலாளிக்கு ஸ்டாண்டிங் ஆர்டர் உண்டு, மஸ்டர் ரோல் உண்டு. தன் பெயர் அதில் ஏற வேண்டும் என்று எத்தனை போராட்டம் நடத்தினோம்! பெயர் ஏறாதவனைக் கேட்டுக்குள் விடமாட்டான் என்பது உங்களுக்குத் தெரியும். விவசாயத் தொழிலாளி குடியிருப்புப் பட்டாவுக்கு எத்தனை முறை தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார் என்பதும் தெரியும். மேய்ப்பனும் குதிரைக்காரனும் கேட்பதும் அதைத்தான். நடந்த பாதை எழுத்தில் ஏற வேண்டும். மேய்த்த புல்வெளி எழுத்தில் ஏற வேண்டும்.

காஷ்மீர் மலையில் எனக்கு வழிகாட்டி வந்தவர் மந்தைக்கு ஒதுங்கி நின்று, ‘பாதை அவர்களுடையது’ என்றார். படிக்காத மனிதர் வாயில் வந்த அந்த வார்த்தையைச் சட்டம் 2006-ல்தான் எழுதியது. எழுதிய சட்டத்தை நடத்திவைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான். அடுத்த கிராம சபைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கூட்டம் கலைவதற்குள் கணக்குப் போடுங்கள். பெரியவர்களிடம் வாக்குமூலம் எழுதும் வேலையை யார் யார் ஏற்கிறீர்கள் என்று இங்கேயே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.